ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்த ஆண்டில் தோட்டத்தை ஆடி வரை கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி
எழுதியவர்: கொறங்காட்டுக்காரன் | 28 டிசம்பர் 2016

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் எங்களுக்கு ஆறு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் 120 தென்னை மரங்கள், ஒன்றரை ஏக்கரில் மானாவாரிச் சோளம், மீதி இரண்டரை ஏக்கர் கிளுவை வேலி கட்டிய கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடுகள் மூன்று, சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதற்காக ஒரு கலப்பினப் பசு, செம்மறிகள் பன்னிரண்டு. பத்து ஆண்டுகள் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நான் தோட்டத்துக்குத் திரும்பினேன். அப்பாவுக்கு 68 வயது ஆகிறது.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த எங்களுக்கு இந்த ஆண்டின் கூதிர்க்காலம் முற்றிலும் புதிதாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 30ஆம் தேதி தொடங்கிவிட்டதாக அறிவித்த அந்த வாரத்தில் ஒரே ஒரு முறை உழவு மழை கிடைத்தது. அதை நம்பித்தான் சோளம் விதைத்தோம். அதன் பிறகு மேகம் கூடுவதும் கலைவதுமாகவே இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன. டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது எங்கள் பக்கம் காற்று மட்டும் சற்றுக் குளிர்ந்தது, அவ்வளவுதான். களத்து மேட்டில் நான் வைத்திருக்கும் மழைமானியில் ஐப்பசி முதல் தேதியிலிருந்து இன்றுவரை சேர்ந்திருப்பது 74 மில்லிமீட்டர். ஆண்டு முழுவதற்குமே ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் பெய்கிற மழைமறைவுப் பகுதி எங்களுடையது. அதில் பெரும்பங்கு இந்த இரண்டு மாதங்களில்தான் கிடைக்க வேண்டும்.

கிணறு 30 அடி நீளம், 30 அடி அகலம், 70 அடி ஆழம். வழக்கமாக மார்கழியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும்; இப்போது அடிப்பாறைக்கு மேல் ஏழு அடிதான் நிற்கிறது. 650 அடி ஆழ்குழாய்க் கிணறு ஒன்றும் உண்டு. அது அரை மணி நேரம் ஓடினால் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. தென்னைக்கு இதுவரை வாய்க்கால் வழியாகத்தான் பாய்ச்சி வந்தோம். அடிமட்டைகள் தொங்கத் தொடங்கிவிட்டன, குரும்பைகளும் கொட்டுகின்றன. சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுபோய் இலைகள் சுருண்டுவிட்டன. கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மாசி வரை தாங்காது என்று அப்பா சொல்கிறார்.

என் கேள்விகள் மூன்று. தென்னையைக் கோடை வரை காப்பாற்ற வழி என்ன? கதிர் பிடிக்காது என்று உறுதியாகிவிட்ட சோளக்காட்டில் மாடுகளை அப்படியே மேய விட்டுவிடலாமா? அப்பா சொல்வதுபோல 1,000 அடிக்கு இன்னொரு ஆழ்குழாய்க் கிணறு போடுவது சரியா? அப்பா அதற்காக அம்மாவின் நகையை அடகு வைக்கவும் ஆயத்தமாக இருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை; ஆனால் மறுத்துச் சொல்லக் காரணமும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1
எழுதியவர்: உடுமலைத் தென்னை | 28 டிசம்பர் 2016

தம்பி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்பாக நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்கள் கிணற்றில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது? நிற்கிற தண்ணீரைச் சொன்னீர்கள், ஊறுகிற தண்ணீரைச் சொல்லவில்லை. மழை பொய்த்த ஆண்டில் நிற்கிற தண்ணீர் சேமிப்புப் பணம், ஊற்றுத்தான் மாத வருமானம். வருமானம் தெரியாமல் செலவைத் திட்டமிட முடியாது.

அளப்பது எளிது. ஒரு மாலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு, கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டம் வரை அளந்து முடிச்சுப் போடுங்கள். மறுநாள் அதே நேரம் வரை ஒரு குடம்கூட எடுக்காமல் விட்டு மீண்டும் அளவெடுங்கள். உங்கள் கிணற்றின் பரப்பு 900 சதுர அடி. ஆகவே நீர்மட்டம் ஒரு அடி ஏறினால் 900 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 25,500 லிட்டர். ஒரு அங்குலம் ஏறினால் சுமார் 2,100 லிட்டர். அடியில் கிணறு குறுகியிருந்தால் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை இப்படி அளந்தால் ஊற்று எந்த வேகத்தில் வற்றுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இனித் தென்னைக்கு வருகிறேன். சொட்டுநீரில் காய்ப்பு மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 65 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கடும் பற்றாக்குறையில் 22 லிட்டர் கொடுத்து உயிரைப் பிடித்துவைக்கலாம் என்பதும் அதே பரிந்துரையில் உள்ளது. 120 மரங்களுக்கு 65 லிட்டர் என்றால் 7,800 லிட்டர்; 22 லிட்டர் என்றால் 2,640 லிட்டர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கே நிற்க முடியும் என்பதை உங்கள் ஊற்றுத்தான் முடிவு செய்யும். வாய்க்கால் பாசனத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். காய்ந்த வாய்க்கால் குடித்தது போக மீதிதான் மரத்துக்குப் போய்ச் சேருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. ஆனால் விண்ணப்பித்துக் கிடைப்பதற்குள் கோடை வந்துவிடக்கூடும். விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டு, இப்போதைக்கு மெயின் குழாயும் சாதாரண ஓஸ் குழாயும் வாங்கி, மரம் மரமாக அளந்து ஊற்றுங்கள். வேலை கூடுதல்தான், தண்ணீர் மிச்சமாகும்.

அடுத்து மூடாக்கு. மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்துக்கு, மரம் ஒன்றுக்கு நூறு தேங்காய் மட்டைகள் வீதம், குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். மட்டை போதவில்லை என்றால் காய்ந்த ஓலை பதினைந்து போட்டாலும் சரி, நார்க்கழிவை நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பினாலும் சரி. மட்டை புதைக்கிற வேலையைச் சிலர் இப்போதே செய்யச் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். புதைத்த மட்டை பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வது மழை பெய்தால்தான். காய்ந்த மண்ணில் இப்போது குழி வெட்டினால் வேர்தான் அறுபடும். அதை ஆடி, ஆவணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் அடியில் பழுத்துத் தொங்கும் ஓலை மட்டைகளை மட்டும் வெட்டி அதையே மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, மனம் வலிக்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 120 மரங்களையும் காப்பாற்ற நினைத்தால் 120 மரங்களும் நலியும். வயதான மரம், வண்டு விழுந்த மரம், பத்து ஆண்டுகளாகக் காய்ப்புக் குறைந்த மரம் எவை என்று அப்பாவுக்குத் தெரியும். அவரோடு நடந்து போய், விட்டுவிடப் போகும் மரங்களில் சுண்ணாம்பு அடையாளம் வையுங்கள். இந்த முடிவைத் தை மாதத்தில் எடுத்தால் மிச்சமாகும் தண்ணீர் மற்ற மரங்களுக்குப் போகும்; சித்திரையில் எடுத்தால் அதற்குள் எல்லா மரங்களும் பாதி குடித்துப் பாதி காய்ந்திருக்கும். இன்னொன்று: தென்னையில் பாளை வெடித்துக் காய் முற்றவே ஓராண்டு ஆகும், பாளை கருக்கொள்வது அதற்கும் வெகு முன்பு. ஆகவே இந்த வறட்சியின் அடி இந்த ஆண்டோடு நிற்காமல் அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளின் காய்ப்பிலும் தெரியும். கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

பதில் 2
எழுதியவர்: கால்நடை மருத்துவர், பணி நிறைவு | 29 டிசம்பர் 2016

உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்தவுடன் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். அந்தச் சோளக்காட்டில் மாடுகளையோ ஆடுகளையோ எந்தக் காரணத்தைக் கொண்டும் மேய விடாதீர்கள். கொறங்காட்டுக்கும் சோளக்காட்டுக்கும் இடையில் படல் இருந்தால் இன்றே அதைச் சரிபார்த்துக் கட்டுங்கள்.

வளர்ச்சி நின்று வாடிய இளம் சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் நஞ்சை உண்டாக்கும் பொருள் மிகுந்துவிடும். பசியோடு இருக்கும் மாடு அதை வயிறு நிறையத் தின்றால், சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறி, உடல் நடுங்கி, கீழே விழுந்து இறந்துவிடக்கூடும். மருத்துவர் உடனே வந்து சோடியம் தயோசல்பேட் ஊசியை நரம்பில் செலுத்தினால் பிழைக்க வாய்ப்பு உண்டு; ஆனால் பெரும்பாலும் நாங்கள் வந்து சேரும்போது மாடு விழுந்திருக்கும். என் பணிக்காலத்தில் வறட்சி ஆண்டுகளில்தான் இத்தகைய சாவுகளை மிகுதியாகப் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவை, காய்ந்துபோகிற பயிர் மாட்டுக்காவது ஆகட்டுமே என்று நல்ல மனதோடு அவிழ்த்துவிட்ட வீடுகளில் நடந்தவை. தை, மாசியில் திடீரென்று ஒரு மழை பெய்து அந்தச் சோளம் மறுபடி துளிர்த்தால், அந்தத் துளிர் இப்போதுள்ள பயிரைவிடக் கொடியது.

ஆனால் பயிரை வீணாக்கவும் வேண்டாம். தரையிலிருந்து அரையடி தண்டை விட்டுவிட்டு அறுத்து, வெயிலில் பரப்பி, பல நாட்கள் திருப்பிப் போட்டுச் சருகாக உலர்த்துங்கள். உலர உலர அந்த நஞ்சு குறைந்துவிடும். அடித்தண்டை விடச் சொல்வதற்குக் காரணம், வறட்சியில் அங்கே நைட்ரேட் தேங்கும். அது உலர்த்தினாலும் போகாது. நன்றாக உலர்ந்த சோளத்தட்டையும் தனியாகப் போடாமல், பழைய சோளத்தட்டோடு கலந்து, மாடு வேறு தீனி தின்ற பிறகு சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

தீனிக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுவோம். காங்கேயம் மாட்டுக்கு நாளுக்கு 8 கிலோ உலர்தீனி, கலப்பினப் பசுவுக்கு 11 கிலோ என்றால் மொத்தம் 35 கிலோ. பொங்கலிலிருந்து ஆனி பிறக்கும் வரை 150 நாட்கள் என்று வைத்தால் 5,250 கிலோ. உங்கள் தட்டுப்போரில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லை. ஆனால் குறைவது எவ்வளவாக இருந்தாலும் பொங்கலுக்கு முன்பே வாங்குங்கள். காவிரிப் பாசனப் பகுதியிலேயே சம்பா காய்ந்துகொண்டிருக்கிறது. மாசிக்குப் பிறகு வைக்கோல் கிடைப்பதும் அரிதாகும், விலையும் தாங்காது. அக்கம் பக்கத்துத் தோட்டத்தார் நால்வர் சேர்ந்து ஒரு லோடு எடுத்தால் வண்டி வாடகை பங்கிடப்படும்.

வாங்கிய வைக்கோலின் சத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாட்கள் வையுங்கள். எடுத்த பிறகு சிறிது நேரம் காற்றாட விட்டுப் போடலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. யூரியாவைக் கரைத்த தண்ணீரை எந்த மாடும் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கொறங்காட்டின் வெள்வேல மரங்களை இப்போது கழிக்காதீர்கள். கோடையில் உதிரும் அதன் காய்கள் செம்மறிகளுக்குப் பெரிய துணை. வேம்பு, வாகை, ஆல இலைகளை மாற்றி மாற்றிப் போடலாம். சூபாபுல் இருந்தால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

செம்மறிகளில் கிடாய்க்குட்டிகளையும் பல் விழுந்த ஆடுகளையும் விற்பதானால் இப்போதே விற்றுவிடுங்கள். நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதிலிருந்து சந்தைகளில் ரொக்கம் குறைவு என்பதால் விலை சற்றுக் குறைந்துதான் இருக்கும். ஆனாலும் சித்திரையில் எலும்பு தெரிகிற ஆட்டுக்குக் கிடைப்பதைவிட அது மேல். காங்கேயம் மாடுகளை விற்கும்படி நான் சொல்ல மாட்டேன். குறைந்த தீனியில் வறட்சியைத் தாங்குகிற இனம் அது. ஒரு முறை தொழுவத்தை விட்டுப் போய்விட்டால், மழை பெய்த பிறகு அதே விலைக்கு அதே மாடு திரும்பி வராது.

பதில் 3
எழுதியவர்: பாறைநீர் | 3 ஜனவரி 2017

மூன்றாவது கேள்விக்கு யாரும் விரிவாகப் பதில் எழுதாததால் நான் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாகக் கொங்குப் பகுதியில் கிணற்றுக்கு இடம் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். ஆழ்குழாய்க் கிணறு போடுவதால் எனக்குக் கூலி கிடைக்கும், போடாமல் இருப்பதால் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

நம் தரைக்கு அடியில் ஆறு ஓடுவதில்லை. மேலே மண், அதற்குக் கீழே உக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது உக்கிய பாறையிலும், கெட்டிப் பாறையில் ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே. ஆழம் போகப் போக மேலுள்ள பாறையின் எடையால் வெடிப்புகள் இறுகிக் குறைந்துகொண்டே போகும். 1,000 அடியில் ஒரு வெடிப்பு கிடைத்தால்கூட, அதில் இருப்பது பல்லாண்டுகளாகத் தேங்கிய தண்ணீராக இருக்கும். அது தீர்ந்தால் நிரப்புவதற்கு மேலிருந்து மழைநீர் இறங்க வேண்டும். இந்த ஆண்டு இல்லாமல் போனது அந்த மழைதான்.

எவ்வளவு இல்லாமல் போனது என்பது மூன்று நாட்களுக்கு முன்பு பருவம் முடிந்தபோது தெரிந்துவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தின் இயல்பு மழை 440 மில்லிமீட்டர். பெய்தது 168 மில்லிமீட்டர். 62 விழுக்காடு குறைவு. 1876க்குப் பிறகு இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் இல்லை என்கிறார்கள். அது தாது வருடப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு என்பது உங்கள் அப்பாவுக்கு அவருடைய பாட்டி வழியாகத் தெரிந்திருக்கும். இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதி, அதாவது இந்தோனேசியா பக்கம், வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததால் மழைமேகம் அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளப்பட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

தென்மேற்குப் பருவமும் குறைந்த ஆண்டு இது. ஆகவே உங்களைப் போலவே ஊரில் எல்லோரும் இப்போது ஆழம் போக நினைக்கிறார்கள். ஆழ்குழாய்த் துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. உங்கள் 650 அடிக் குழாய் அரை மணி நேரத்தில் காற்று வாங்குகிறது என்பது, அந்த ஆழத்து வெடிப்புகள் ஏற்கெனவே பலருக்குப் பங்கு போய்விட்டன என்பதன் அடையாளம். அம்மாவின் நகையை அடகு வைத்து, குழாய், மோட்டார், வயர் என்று லட்சக்கணக்கில் போட்டு, மூன்று மாதம் மட்டும் வருகிற ஒரு ஊற்றை வாங்குவது சரியான முடிவு என்று என்னால் சொல்ல முடியாது.

அதற்குப் பதிலாக இரண்டு வேலைகளைச் செய்யலாம். கிணற்றில் தண்ணீர் ஏழு அடிக்கு இறங்கியிருக்கும் இந்த நேரம்தான் அடிச் சேற்றை அள்ளுவதற்கு ஏற்ற நேரம். பல கிணறுகளில் பக்க ஊற்றுக் கண்களைச் சேறு அடைத்திருக்கும். சேறு எடுத்த பிறகு, பழைய ஊற்று வரும் திசையில் சைடு போர், அதாவது கிணற்றுச் சுவரில் பக்கவாட்டுத் துளை, போடலாமா என்று பார்க்கலாம். அதன் செலவு ஆழ்குழாய்க் கிணற்றோடு ஒப்பிட மிகச் சிறியது. சேறு அள்ள ஆள் இறங்கும் முன் கிணற்றுச் சுவரில் கல் சரிந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பதில் 4
எழுதியவர்: வெள்ளகோவில் தோட்டத்தம்மா | 4 ஜனவரி 2017

பெரியவர்கள் எல்லோரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். பாறைநீர் அவர்களின் கருத்தோடு எனக்கு ஒரு சிறிய வேறுபாடு உண்டு. சென்ற மாதம் எங்கள் தோட்டத்தில் 900 அடியில் தண்ணீர் கிடைத்தது. ஆகவே கிடைக்கவே கிடைக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அது உவர்ப்பாக இருக்கிறது. தென்னை ஓரளவு தாங்குகிறது, மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன, வீட்டில் பருப்பு வேகவில்லை. குடிக்கவும் சமைக்கவும் இப்போது நாங்கள் ஊராட்சிக் குழாயையே நம்பியிருக்கிறோம். அதுவும் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது.

அதனால் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். இருக்கும் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால், மரத்துக்குக் கணக்குப் பார்க்கும் முன்பு வீட்டுக்கும் தொழுவத்துக்கும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பால் கறக்கும் கலப்பினப் பசு ஒன்றே நாளுக்கு 80 லிட்டர் குடிக்கும். தண்ணீரைக் குறைத்தால் அன்று மாலையே பால் குறையும். சமையலறைக் கழுவுநீர் போகும் இடத்தில் வாழை வைத்திருந்தால் அந்த நீரை இரண்டு தென்னைக்குத் திருப்பிவிடுங்கள். வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பதை அம்மாவிடம் கேளுங்கள். ஆண்கள் போடும் கணக்கில் அது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கொறங்காட்டுக்காரன் | 11 ஜனவரி 2017

உங்கள் எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்த அன்று மாலையே படலைக் கட்டிவிட்டோம். சோளத்தை அறுத்துக் களத்தில் உலர்த்திவிட்டோம். ஒன்றரை ஏக்கரிலிருந்து கிடைத்தது சொற்பம்தான். பழைய தட்டுப்போரில் ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தார் மூவரோடு சேர்ந்து வைக்கோல் சொல்லியிருக்கிறோம், பொங்கல் கழிந்தவுடன் வந்துவிடும். செம்மறிகளில் ஐந்தை விற்றோம்.

கிணற்றை இரண்டு முறை அளந்தேன். டிசம்பர் 30ஆம் தேதி 24 மணி நேரத்தில் நான்கு அங்குலம், அதாவது 8,500 லிட்டர். நேற்று மூன்று அங்குலம்தான், ஏறத்தாழ 6,400 லிட்டர். பத்தே நாட்களில் கால் பங்கு குறைந்ததைக் கயிற்றின் முடிச்சில் பார்த்தபோது அப்பா நெடுநேரம் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு ஆழ்குழாய்க் கிணற்றைப் பற்றி அவர் பேசவில்லை. சேறு எடுக்க ஆள் பேசியிருக்கிறோம்.

அம்மாவிடம் கேட்டபோது வீட்டுக்கு 500 லிட்டர் என்றார். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் சேர்த்தால் மொத்தம் 800 லிட்டர் ஆகிறது. கிணற்று மேட்டில் பத்து சென்ட் கோ-4 தீவனப்புல் இருக்கிறது. அதற்கு நாளுக்கு 1,600 லிட்டர். இவை போக 4,000 லிட்டர் மிஞ்சுகிறது. அப்பாவோடு நடந்து 25 மரங்களுக்குச் சுண்ணாம்பு வைத்தோம். எல்லாம் தாத்தா வைத்தவை. மீதி 95 மரங்களுக்கு இப்போது 42 லிட்டர் வீதம் ஊற்ற முடிகிறது. பங்குனியில் ஊற்று பாதியாகக் குறைந்தாலும், புல்லைக் கைவிட்டால் 95 மரங்களுக்கும் 22 லிட்டர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சுண்ணாம்பு வைத்த 25 மரங்களை அப்படியே காய விடுவதா, இப்போதே வெட்டுவதா? எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு நேற்று அறிவித்திருக்கிறதே, தென்னைக்கு ஏதாவது நிவாரணம் உண்டா?

பதில் 5
எழுதியவர்: உடுமலைத் தென்னை | 12 ஜனவரி 2017

தம்பி, உங்கள் கணக்கு சரியாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: புல்லைப் பங்குனியில் திடீரென்று கைவிடாமல், மாசியிலேயே ஐந்து சென்ட்டாகக் குறையுங்கள். ஊற்று எந்த நாளில் எந்த அளவுக்கு இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கையில் சிறிது மிச்சம் இருக்க வேண்டும்.

நிவாரணம் உண்டு. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதம் இருந்தால் மானாவாரிப் பயிருக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய், நெல்லுக்கும் மற்றப் பாசனப் பயிருக்கும் 5,465 ரூபாய், நீண்டகாலப் பயிருக்கு 7,287 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள், நிலவரியும் தள்ளுபடி. உங்கள் சோளமும் தென்னையும் இரண்டு வகைகளில் வரும். ஆனால் எல்லாம் அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கைப் பார்த்துத்தான் நடக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் இந்தப் பசலிக்கு (வருவாய்த்துறை ஆண்டுக்கு) அந்தச் சர்வே எண்ணில் சோளம் என்று பதிந்திருக்கிறதா, இல்லை தரிசு என்று இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். சோளத்தை அறுத்துவிட்டதால், அடித்தாள் நிற்கும்போதே கணக்கெடுக்க வரச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் காட்டை உழ வேண்டாம். மரங்களும் கணக்கெடுப்பு முடியும் வரை நிற்கட்டும்.

கணக்கெடுத்த பிறகு அந்த 25 மரங்களைத் தோட்டத்தில் காய விடாதீர்கள். நலிந்த மரத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வரும். செத்து உக்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அங்கே பெருகி உங்கள் 95 மரங்களுக்கும் போகும். குருத்து சாய்கிற அறிகுறி தெரிந்தவுடன் வெட்டி, தண்டை அறுத்து வெளியே எடுத்துவிடுங்கள். தாத்தா வைத்த நெட்டை மரங்கள் என்றால் அடித்தண்டு நல்ல வைரம் பாய்ந்திருக்கும். தொழுவத்துக்குக் கைமரம் ஆகும், விற்கத் தேவையில்லை.

மறுபடி பங்குனி முதல் தேதி கிணற்றை அளந்து, எத்தனை அங்குலம் என்று இங்கே எழுதுங்கள். அதுவரை கயிற்றில் போட்ட பழைய முடிச்சுகளை அவிழ்க்க வேண்டாம்.